வடக்கா, தெற்கா? இரண்டே பேர் போகும் படகுக்கு ஏற்ற வழி எது

காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் எங்கள் படகில் இந்த முறை நீண்ட பயணம் போவது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிட்டோம். எந்தப் பக்கம் போவது என்பதில்தான் இழுபறி. எனக்கு வடக்கு. பழவேற்காடு என் அம்மா பிறந்த ஊர். அதையும் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா, கிருஷ்ணப்பட்டினம், மசூலிப்பட்டினம் என்று ஏறிக் காக்கிநாடா வரை கரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அவருக்குத் தெற்கு. பாண்டிச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், கோடியக்கரை, அப்புறம் பாம்பன் பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போக வேண்டும். ஒரு மாதம் பேசி, கணக்குப் போட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இதே மாதிரி சொந்தப் படகில் இரண்டு பேராகக் கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றி. 28 அடி ஃபைபர் படகு. மீன்பிடிக்க இருந்த பழைய உடலை வாங்கி, இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு கேபின் கட்டினோம். 40 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றே ஒன்று, உள்ளேயே பொருத்தியது. முப்பது வருடம் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவர் என்பதால் அதன் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். நிதானமாக ஓட்டினால் 6 நாட் வேகம், மணிக்குச் சுமார் 5 லிட்டர் டீசல். இந்த நீளமுள்ள படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வகை என்பதால் ஏழு நாட் வேகத்துக்கு மேல் முறுக்கினால் டீசல்தான் கரையும், வேகம் கூடாது. ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக நாங்கள் போவது சைக்கிள் வேகம். கீழே உள்ள எல்லாக் கணக்கும் இந்த வேகத்தை வைத்துத்தான்.

போன ஆவணியில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பது புரியும். எண்ணூருக்கு வடக்கே எட்டு பாகம் (ஒரு பாகம் என்றால் சுமார் ஆறடி) ஆழத்தில் நங்கூரம் போட்டு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு கப்பல் கடந்துபோன அலையில் படகு ஆடியது. எஞ்சின் மூடியின் மேல் நின்றிருந்த அவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்தவரால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. எஞ்சினைப் போடத் தெரியும், சுக்கான் பிடிக்கத் தெரியும், நான் மீனவர் வீட்டுப் பெண்தான். ஆனால் நங்கூரத்தை என்னால் தூக்க முடியவில்லை. சங்கிலியோடு சேர்த்து அது முப்பது கிலோவுக்குக் குறையாது. கயிற்றை அரிவாளால் வெட்டிவிட்டு, நங்கூரத்தைக் கடலிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். காசிமேடு துறைமுக வாயில் லாஞ்சுகள் (பெரிய விசைப்படகுகள்) வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. எங்கே நுழைவது என்று தெரியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து, ஒரு லாஞ்சிலிருந்து ஒரு பையன் எங்கள் படகில் குதித்து உள்ளே கொண்டுவந்து கட்டிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து எந்தத் திட்டமாக இருந்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். இருவரில் ஒருவர் விழுந்துவிட்டால், மற்றவர் தனியாக இந்தப் படகை அன்று இருட்டுவதற்குள் ஒரு பத்திரமான இடத்தில் சேர்க்க முடியுமா? வடக்கையும் தெற்கையும் இதை வைத்தே எடை போட்டோம்.

வடக்கை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய 20 கடல் மைல், மூன்றரை மணி நேரம். வழியில் எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு மேல் காட்டுப்பள்ளி. இரண்டும் நிலக்கரிக் கப்பலும் கன்டெய்னர் கப்பலும் வருகிற இடங்கள். நம் போன்ற சின்னப் படகு நினைத்த நேரத்தில் உள்ளே போய் ஒதுங்க முடியாது. பழவேற்காடு ஏரிக்குள் போய்விட்டால் குளம் மாதிரி அமைதி. ஆனால் முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்காது. உள்ளூர் ஆள் முன்னால் போனால் பின்னால் போகலாம், தனியாக நுழைவது எனக்கே பயம். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நடந்துதான் அம்மா பள்ளிக்கூடம் போனாள். அந்த ஊருக்குக் கடல் வழியாக, என் படகில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று இங்கே எழுதி முடியாது.

பழவேற்காட்டுக்கு மேல்தான் சிக்கல். ஸ்ரீஹரிகோட்டா தீவு முழுக்க ஏவுதளம். ராக்கெட் விடுகிற நாட்களில் அந்தக் கடல் மூடப்படும். ஏவும் தேதி தள்ளிப்போனால் நம் பயணமும் தள்ளிப்போகும். அதற்கு வடக்கே துர்க்கராஜப்பட்டினம். ஆங்கிலேயர்கள் 1639-ல் மதராசுக்கு வருவதற்கு முன்னால், 1626-ல் பண்டகசாலை வைத்திருந்த இடம் இதுதான். கரைக்கு வெளியே இருக்கும் அர்மகான் மணல்திட்டுகள் அலையைத் தடுத்து அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தன. திட்டின் ஆழம் தெரிந்தவர்களுக்கு இன்றும் அது பாதுகாப்புதான். தெரியாத எங்களுக்கு அதுவே ஆபத்து. காசிமேட்டிலிருந்து எண்ணினால் 70 கடல் மைலில் கிருஷ்ணப்பட்டினம், அதுவும் சரக்குத் துறைமுகம். அப்புறம் நிஜாம்பட்டினம், மசூலிப்பட்டினம். இரண்டிலும் மீன்பிடித் துறைமுகம் உண்டு, ஆனால் ஓடைக்குள் ஏறிப் போக வேண்டும். கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களில் ஆறுகள் கொண்டுவந்த மண் வெகுதூரம் வரை கடலை ஆழமில்லாமல் ஆக்கியிருக்கிறது. கரையை விட்டுத் தள்ளிப் போக வேண்டும், தள்ளிப் போனால் போன் சிக்னல் போய்விடும்.

காக்கிநாடா போய்ச் சேர்ந்துவிட்டால் ஹோப் தீவின் மறைவில் அருமையான விரிகுடா, பக்கத்தில் கோரிங்கா அலையாத்திக் காடு. சொர்க்கம்தான். ஆனால் போக 260 கடல் மைல், வர 260. ஓடும் நேரம் மட்டும் 87 மணி, டீசல் 435 லிட்டர். பல நாட்கள், காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் நுழைய ஓர் இடம் இல்லாத நாட்கள். தெலுங்கு எனக்குக் கொஞ்சம் வரும், அவருக்குச் சுத்தமாக வராது. மணிக்கட்டு உடைந்தது நான் என்று வைத்துக்கொண்டால், தெரியாத வாயில், மொழி தெரியாமல், அவர் தனியாக என்ன செய்வார்?

தெற்கில் முதல் நாள்தான் கடினம். காசிமேட்டிலிருந்து பாண்டிச்சேரி ஏறக்குறைய 78 கடல் மைல், பதின்மூன்று மணி நேர ஓட்டம். இடையில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று பேர்பெற்ற ஊர்கள் வரிசையாக வந்தாலும், கேபின் படகு நம்பி நுழையத்தக்க வாய் எதுவும் இல்லை. பாலாற்று வாயும் மற்ற ஆற்று வாய்களும் மணல் மூடியவை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை நெருங்கவே கூடாது, நன்றாக வெளியே வாங்கிப் போக வேண்டும். இந்தப் பதின்மூன்று மணி நேரமும் வடக்கைப் போலத்தான், ஒதுங்க இடமில்லை.

ஆனால் பாண்டிச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள் போய்விட்டால் அதற்கப்புறம் கதையே வேறு. கடலூர் 12 மைல். அங்கிருந்து கொள்ளிடம் முகத்துக்குப் பக்கத்தில் பழையாறு 22 மைல். பிறகு பூம்புகார் 13, தரங்கம்பாடி 7, காரைக்கால் 7, நாகப்பட்டினம் 9. எல்லா இடத்திலும் மீன்பிடித் துறை இருக்கிறது, டீசல் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, எஞ்சின் பார்க்கிற ஆள் இருக்கிறார். எங்கே யார் விழுந்தாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரு துறைக்குள் நுழைந்துவிடலாம். கேட்டால் பதில் தமிழில் வரும். காலையில் கிளம்பி, கடற்காற்று எழுவதற்கு முன்பே அடுத்த ஊரில் கட்டிவிட்டு, மதியம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் வயதுக்கு இந்த மாதிரிப் பயணம்தான் பொருந்தும்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே போவதை நான் மறுத்துவிட்டேன். அவருக்கு அது பெரிய வருத்தம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புவதை எஞ்சின் மனிதராக அவர் எவ்வளவு ரசித்துச் சொல்வார்! ஆனால் அங்கே போக, கோடியக்கரையைச் சுற்றிப் பாக் நீரிணைக்குள் இறங்க வேண்டும். ஆழம் குறைவான கடல், காற்று கொஞ்சம் எழுந்தாலே குட்டை அலை செங்குத்தாக எழும். 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட இலங்கை எல்லைக் கோடு வெகு பக்கம். எஞ்சின் நின்று வெள்ளத்தில் (கடல் நீரோட்டத்தில்) இழுபட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவோம் என்பது நம் கையில் இல்லை. எத்தனை மீனவக் குடும்பங்கள் அதனால் அழுதிருக்கின்றன என்று தெரிந்த நான், சும்மா ஊர் சுற்ற அங்கே போகச் சம்மதிக்க மாட்டேன். பாம்பனுக்கு ரயிலில் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது பருவம். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை பேச்சே வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தாவும் 2023 டிசம்பரில் மிக்ஜாமும் காசிமேட்டில் கட்டிய படகுகளையே என்ன பாடுபடுத்தின என்று கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

சிலர் மீன்பிடித் தடைக்காலத்தில் போகச் சொன்னார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலைத் தொல்லை குறைவு, லாஞ்சு மோதுகிற பயம் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா லாஞ்சும் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். வெளியூர்க்காரனுக்குக் கட்ட இடம் கிடைக்காது. ப்ரொப்பல்லரில் கயிறு சுற்றி நடுக்கடலில் நின்றால் இழுத்துக்கொண்டு போக ஒரு படகு கண்ணில் படாது. ஃபைபர் படகுக்காரர்கள் போவார்கள், ஆனால் அவர்கள் கரையோரம். அதற்கு மேல் சித்திரை, வைகாசி வெயில். மதியத்துக்கு மேல் தெற்கத்திக் காற்று முகத்தில் அறையும். மே மாதப் புயலும் வங்காள விரிகுடாவுக்குப் புதிதில்லை.

ஆடி, ஆவணியில் காலைக் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) கரையிலிருந்து அடிப்பதால் கரையோரம் அலை அடங்கியிருக்கும். ஆனால் மாலையில் திடீரென்று இடிமழையோடு ஒரு காற்று வந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுப் போகும். அதனால் தை கடைசியில் கிளம்பி மாசியில் திரும்புவது என்று வைத்தோம்.

இதற்கு வெள்ளமும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற நீரை வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள். மழைக்காலத்தில் வன்னி. தை மாதத்தில் அது சோர்ந்து, மாசி, பங்குனியில் தெண்டி பலமாகும். ஒரு நாட் வெள்ளம் என்றால் கேட்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். எங்கள் ஆறு நாட் படகுக்கு எதிர்வெள்ளத்தில் பாண்டிச்சேரி பதினைந்து மணி நேரத்துக்கு மேல், கூடவே வந்தால் பதினோரு மணி நேரம் சொச்சம். நாலு மணி நேர வித்தியாசம், அதுவும் வெளிச்சமும் இருட்டும் பிரிகிற நாலு மணி நேரம். தை கடைசியில் தெற்கே போனால் வன்னியின் மிச்சமும் வாடைக் காற்றின் மிச்சமும் பின்னாலிருந்து தள்ளும். மாசி பாதியில் திரும்பினால், களைத்துப்போய் வீட்டுக்கு வருகிற நேரத்தில் தெண்டி நம்மைத் தூக்கிக்கொண்டு வரும். மாசியில் தெண்டியோடு வடக்கே போனால் போக்கு சுலபம், வரவு எதிர்நீச்சல். களைப்பும் எதிர்வெள்ளமும் ஒன்றாக வரக்கூடாது என்று என் நைனா சொல்வார். கட்டுமரத்தில் போனவர், அந்தக் கணக்கு அவர் தோளுக்குத் தெரியும்.

மூன்றாவதாக ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு நல்ல சிராங்கு (படகு ஓட்டும் தலைமை ஆள்) கிடைத்தால் காக்கிநாடா என்ன, விசாகப்பட்டினமே போகலாம். உண்மைதான், என் கேள்விக்கு அது சரியான பதில். ஆனால் கேபினில் இடம் இரண்டு பேருக்கு. அதைவிட, கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் தனியாக இரண்டு வாரம் இருந்ததே இல்லை. அதற்காகத்தான் இந்தப் படகு. முதல் நாள் மட்டும் தெரிந்த சிராங்கு ஒருவரைக் கூட்டிப்போய்ப் பாண்டிச்சேரியில் இறக்கி பஸ் ஏற்றிவிடுவது என்று ஒரு நடுவழி கண்டோம். கடினமான பதின்மூன்று மணி நேரத்துக்கு மூன்று பேர், அப்புறம் சுலபமான நாட்களுக்கு நாங்கள் இருவர். திரும்பும்போது அவரே பாண்டிச்சேரிக்கு வந்து ஏறிக்கொள்வார்.

எஞ்சின் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையே வந்தது. டீசலை எடுத்துவிட்டு இரண்டு அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் பெட்ரோல் எஞ்சின்) போடலாம், ஒன்று நின்றால் இன்னொன்று என்றான் மகன்.  ஆனால் பெட்ரோல் குடிக்கும் அளவும் தாறுமாறாக ஏறும், மீன்பிடித் துறைகளில் கிடைப்பது டீசல், பெட்ரோலை ஊருக்குள் போய் கேனில் சுமந்து வர வேண்டும். கசிந்தால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். அதன் மேல் படுத்துத் தூங்க என்னால் முடியாது. ஆகவே டீசல் அப்படியே இருக்கும். துணைக்கு 9.9 குதிரைத்திறனில் பட்டனை அழுத்தினால் ஓடுகிற ஒரு சின்ன அவுட்போர்டு பின்னால் மாட்டுகிறோம். கயிறு இழுத்துப் போடுகிற வகை மலிவு என்றார் வீட்டுக்காரர். என் தோளுக்கு அது ஆகாது, அவர் கை உடைந்திருக்கும்போது இழுக்கப்போவது நான்தானே என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. நங்கூரத்துக்குக் கையால் சுற்றுகிற வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் உருளை) ஒன்றும் வாங்கியாயிற்று. இந்த மானிய டீசல் எல்லாம் பதிவு செய்த மீன்பிடிப் படகுக்குத்தான், எங்களுக்குப் பங்க் விலை. நாகப்பட்டினம் போய் வர 296 மைல், 49 மணி நேரம், 245 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு எப்போதும் தொட்டியில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு.

இரவு ஓட்டமா, பகல் ஓட்டமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. பகல்தான். இரவில் வலை மிதப்புகள் தெரியாது. விளக்குக் கட்டியவை கொஞ்சம், கட்டாதவை நிறைய. முதல் நாள் மட்டும் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவோம். முதல் மூன்றரை மணி நேர இருட்டு எங்களுக்குப் பழகிய தண்ணீர். சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் வழியை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தாண்ட வேண்டும். மாலை நாலு மணி வாக்கில் பாண்டிச்சேரி, வெளிச்சம் தாராளமாக இருக்கும்போதே வாயில் நுழைவோம்.

கிளம்பும் அன்று அலை எவ்வளவு என்பதை ஹைதராபாத் இன்காய்ஸ் நிலையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பில் பார்ப்போம். 1.5 மீட்டருக்கு மேல் என்றால் நாங்கள் கயிற்றை அவிழ்ப்பதில்லை. அவர்கள் சொல்லும் உயரம் பெரிய அலைகளின் சராசரி, தனி ஒரு அலை அதைப்போல இரண்டு மடங்கு வரை வரலாம் என்பதைப் புதியவர்கள் மறக்கக் கூடாது. எந்தத் துறைமுகத்திலாவது புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் இருக்கிற இடத்திலேயே கட்டிவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புவோம். படகின் பதிவு, காப்பீடு, அடையாள அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். மீனும் பிடிக்காமல் கணவனும் மனைவியும் படகில் வந்து நின்றால் கடலோரக் காவல்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அது நியாயமும்கூட. ஒவ்வொரு துறையிலும் நாங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுவோம். விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசை, கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. மூன்றையும் சுக்கானுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆக, நாகப்பட்டினம். திரும்பும்போது மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் கடலுக்கு வரும் நாள், அதைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். பழவேற்காட்டுக்குப் பங்குனியில் ஒரு நாள், மாமா பையன் முகத்துவாரத்தில் முன்னால் வழி காட்ட, காலையில் போய் மாலையில் திரும்புவது.

ஒன்று மட்டும் பாக்கி. வருகிற ஞாயிறு காலை அவர் கேபினில் படுத்துக்கொண்டு வாயே திறக்கக் கூடாது. நான் தனியாகக் கயிறு அவிழ்த்து, வெளியே போய், எட்டு பாகத்தில் நங்கூரம் போட்டு, வின்ச்சால் எடுத்து, லாஞ்சுகளுக்கு நடுவே திரும்பி வந்து ஜெட்டியில் கட்ட வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு அவர் ஒரு கையை உடம்போடு கட்டிக்கொண்டு இதையே செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று சரியாக வராவிட்டால், பயணம் அடுத்த தைக்கு.